ஏழாம் அறையில்

ஃபெராராவில் நவம்பர் என்றால் பனிமூட்டம்தான்.
கோட்டையைக் காணோம் என்று
காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், அப்படி.
பத்து மணிக் குழுவில் இருபத்து மூன்று பேர்.
ஆளுக்கொரு காதுக்கருவி, கழுத்தில் நீல நாடா.
மஞ்சள் குடையை மடக்கி உயர்த்திப் பிடித்தேன்.
மழை இல்லை. குடை எனக்குக் கொடி.

பத்தொன்பது வருடமாக
ஒரே கோமகனை
ஒரே படிக்கட்டில் ஏற்றி
ஒரே கட்டிலில் சாகடிக்கிறேன்.
வாரத்துக்கு ஆறு நாள்.
திங்கட்கிழமை அவருக்கும் விடுமுறை.

முதல் அறை, கூரையில் தேவர்கள்.
"அண்ணாந்து பாருங்கள்,
கழுத்துச் சுளுக்கு கட்டணத்தில் சேர்த்தி."
இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.
இரண்டாம் அறை, கடன்.
சுவருக்குப் பொன் பூசிய அதே வருடம்
அடகுக்குப் போன கோமகளின் முத்துக்கள்:
இதில் பாதி ஆவணம்,
பாதி என் கைச்சரக்கு.
எது எந்தப் பாதி என்று
இப்போது எனக்கே நிச்சயமில்லை.

நான்காம் அறையில் தொண்டை கரகரத்தது.
ஐந்தில் ஒரு புதினா மிட்டாய்.
ஆறில், விருந்து மேசை ஓவியத்தின் முன்,
மயில் வறுவல் என்று சொல்லப்போய்
மயில் வந்தது, வறுவல் வரவில்லை.
ஏழில்
ஒன்றுமே வரவில்லை.

ஏழில் இருப்பவள் பெயர் தெரியாதவள்.
பச்சைப் பட்டில் கை,
மடியில் ஒரு கடிதம்.
அப்போதுதான் படித்து முடித்தாள் என்பேன்.
நான்கு நிமிடக் கதை:
நஞ்சு, தம்பி, கன்னிமாடத்துச் சுவர்.
வாயைத் திறந்தேன்.
இருபத்து மூன்று காதுகளுக்குள்ளும்
என் மூச்சு மட்டும் போனது,
எச்சில் விழுங்கும் சத்தமும்.

யாரும் நகரவில்லை.
இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார்கள்.
காத்திருக்கையில் வேறு வேலை இல்லாததால்
படத்தைப் பார்த்தார்கள்.

பெர்காமோவிலிருந்து வந்த பல் மருத்துவர்
(அட்டையில் ஒர்சோலா என்று இருந்தது)
"கீழ்க் கடைவாய்ப் பல்" என்றார் மெதுவாக.
"இடது பக்கத்தை எப்படிக் காபந்து பண்ணுகிறாள் பாருங்கள்."
பிராத்தோவில் துணி ஆலையில்
முப்பது வருடம் நின்ற பெண்
கயிற்றுத் தடுப்புவரை குனிந்தாள்:
"இந்தக் கை இவளுடையதே இல்லை.
இரவல். தோளில் எட்டாமல்
இழுத்து முடிந்திருக்கிறார்கள்."
பிறகு ஒரு பையன்,
அதுவரை கைபேசியில் இருந்தவன்:
"கடிதத்தை இன்னும் பிரிக்கவே இல்லையே."

திரும்பினேன்.
அரக்கு முத்திரை முழுசாக இருந்தது.
அதன் விளிம்பில் அவள் கட்டைவிரல்,
நகம் கடித்த கட்டைவிரல்.

இத்தனை வருடமும்
என் முகம் கூட்டத்துக்கு,
அவளுக்கு முதுகு.
அவள் பார்த்ததெல்லாம் என் கொண்டையை,
அது நரைத்து வந்த விதத்தை.

ஜன்னலோர நாற்காலியில் காவலர் குவால்தியேரோ.
என் நஞ்சைக் கேட்டுக் கேட்டு
அவருக்கே விஷம் ஏறியிருக்கும்.
எழுந்து போய்த் திரைச்சீலையை
ஒரு சாண் விலக்கினார்.
விதிப்படி அது குற்றம்.
பனியில் வடிந்த வெளிச்சம், மோர் மாதிரி,
அவள் கன்னத்தின் வீக்கத்தில் ஏறியது.

வாசலில் அடுத்த குழு இருமியது.

கருவிகளைத் திருப்பித் தரும்போது
ஒர்சோலா நுழைவுச் சீட்டின் பின்புறத்தில்
ஒரு மாத்திரையின் பெயர் எழுதித் தந்தார்.
எனக்கா, படத்திலிருப்பவளுக்கா,
கேட்கக் குரல் இல்லை.

மூன்று மணிக் குழுவுக்குள் குரல் பாதி திரும்பிவிட்டது.
ஏழாம் அறையில் நஞ்சைச் சொன்னேன், பழக்கம்.
தம்பியையும் சொன்னேன்.
சுவருக்குப் போகுமுன்
ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத்
திரும்பி நின்றேன்.

பின்னால் யாரோ
காதுக்கருவியைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம்.